டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு எந்த வால்வு? எதை அளந்து முடிவு செய்வது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெக்கானிக்கல் இறுதி ஆண்டு படிக்கும் நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் ஒரு பழைய 150 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின் இருக்கிறது. கார்புரேட்டர் வழியைப் பிஸ்டனே திறந்து மூடும் பழைய வகை. அதில் வேறு வால்வு பொருத்தி மேம்படுத்துவதுதான் ப்ராஜெக்ட். மூன்று யோசனைகள்: கார்புரேட்டருக்குப் பின்னால் ரீட் வால்வு வைப்பது, புகை வெளியேறும் வழியில் சுழலும் உருளை வால்வு வைப்பது, ஃபோர் ஸ்ட்ரோக்கில் இருப்பதுபோல ஹெட்டில் (சிலிண்டரின் மேல்மூடியில்) குடை வடிவப் பாப்பெட் வால்வு வைத்து அதை சோலினாய்டு என்ற மின்காந்தத்தால் இயக்குவது. எது சிறந்தது, எப்படி மதிப்பிடுவது என்று கேட்கிறார்கள்.

தம்பிகளா, மூன்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஏனென்றால் மூன்றும் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு மூன்று வாசல்கள். கார்புரேட்டரிலிருந்து கிராங்க் கேஸுக்கு, அதாவது பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறைக்குப் போவது முதல் வாசல். கிராங்க் கேஸிலிருந்து சிலிண்டருக்கு ஏறும் டிரான்ஸ்ஃபர் போர்ட் இரண்டாவது. சிலிண்டரிலிருந்து சைலன்சருக்குப் போகும் எக்ஸாஸ்ட் போர்ட் மூன்றாவது. ரீட் வால்வு முதல் வாசலைக் காக்கிறது. உருளை வால்வு மூன்றாவதைக் காக்கிறது. பாப்பெட் வால்வு வந்தால் வாசல்களின் இடமே மாறி, எஞ்சினின் காற்றோட்டமே வேறாகிவிடும். ஆகவே "எந்த வால்வு" என்று கேட்பதற்கு முன்னால் "எந்த வாசலில் நமக்கு நஷ்டம்" என்று கேளுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் வால்வே கிடையாது என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். உண்மையில் பிஸ்டன்தான் வால்வு. இங்கிலாந்தின் பாத் நகரில் ஜோசப் டே 1891-ல் காப்புரிமை பெற்ற எஞ்சினில் கிராங்க் கேஸுக்குக் காற்று போகும் இடத்தில் ஒருவழி வால்வு இருந்தது. அவரிடம் வேலை பார்த்த ஃபிரடெரிக் காக் 1892-ல் அந்த வால்வை எடுத்துவிட்டு, பிஸ்டனின் கீழ் விளிம்பே அந்த வாசலைத் திறந்து மூடும்படி செய்தார். நகரும் உறுப்புகள் மூன்றே மூன்று: பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க். இதைவிட எளிய பிஸ்டன் எஞ்சின் கிடைப்பது அரிது. நம் ஊர் ராஜ்தூத் 175-உம் யெஸ்டி 250-உம் இந்த வழியில் வந்தவைதான்.

அந்த எளிமைக்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் மேலே போகும்போது எந்த இடத்தில் ஒரு போர்ட்டைத் திறக்கிறதோ, கீழே வரும்போது அதே இடத்தில்தான் மூடும். உச்சிக்கு 70 டிகிரி முன்னால் திறந்தால், உச்சி தாண்டி 70 டிகிரி வரை திறந்தே இருக்கும். உச்சி தாண்டியதும் பிஸ்டன் இறங்கத் தொடங்கி, கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறுகிறது. வாசலோ இன்னும் மூடவில்லை. குறைந்த வேகத்தில், உள்ளே வந்த கலவையில் கொஞ்சம் கார்புரேட்டர் வழியாகவே திரும்பிப் போகிறது. ஏர் ஃபில்டர் எண்ணெயில் நனைந்து கிடப்பதைப் பழைய வண்டிகளில் பார்த்திருப்பீர்கள். "கார்புரேட்டர் திருப்பித் துப்புது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். மாற்று வால்வுகளின் கதை முழுவதும் இந்தச் சமச்சீரை உடைக்கும் முயற்சிதான்.

முதல் வாசலில் அதை அழகாக உடைத்தது சுழலும் தட்டு வால்வு. கிராங்க் முனையில் மெல்லிய தட்டு ஒன்று. அதன் விளிம்பில் ஒரு பகுதி வெட்டப்பட்டிருக்கும். வெட்டு வாசலுக்கு நேரே வரும்போது காற்று போகும், மற்ற நேரம் அடைப்பு. திறக்கும் கோணத்தையும் மூடும் கோணத்தையும் தனித்தனியாக முடிவு செய்யலாம். 1950களின் தொடக்கத்தில் கிழக்கு ஜெர்மனியில் டேனியல் சிம்மர்மன் இதைப் பந்தய எஞ்சினில் பொருத்தினார். பின்னர் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் அதை எடுத்து, டிரான்ஸ்ஃபர் போர்ட்டுகளையும் சைலன்சர் குழாயின் வடிவத்தையும் சேர்த்துச் செதுக்கினார். 1961-ல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைத்திறன் கொடுத்தது. அதாவது லிட்டருக்கு 200. அந்த ஆண்டு ஸ்வீடன் பந்தயத்தின்போது அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாட்டைவிட்டுத் தப்பி சுசுகிக்குப் போனார். 1962-ல் சுசுகிக்கு முதல் உலகப் பட்டம் 50 சிசியில் கிடைத்தது, ஓட்டியவர் அதே டெக்னர்.

இந்தக் கதையைக் கேட்டதும் "அப்படியானால் தட்டு வால்வுதான் சிறந்தது" என்று தோன்றும். இன்னொரு கிழக்கு ஜெர்மன் எஞ்சினையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிராபன்ட் 601 கார். இரண்டு சிலிண்டர், சுமார் 595 சிசி, அதிலும் தட்டு வால்வுதான். 1969 முதல் வந்த வடிவத்தில் அதன் திறன் 26 குதிரைத்திறன். வால்வு ஒரே வகை, மொத்தத் திறனும் ஏறக்குறைய சமம். ஆனால் ஒன்றின் கொள்ளளவு மற்றதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். டிராபன்ட்டில் அந்த வால்வை வைத்தது சாதாரண வேகத்தில் இழுவை வேண்டும், பெட்ரோல் திரும்பித் துப்பக் கூடாது என்பதற்காக. எம்இசட்டில் வைத்தது உச்ச வேகத்தில் வாசலை நீண்ட நேரம் திறந்து வைப்பதற்காக. வால்வு தானாகத் திறன் தருவதில்லை, நாம் விரும்பும் நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத்தான் தருகிறது. மதிப்பீட்டில் இதை மறந்தால், குழாய் செய்த வேலைக்கு வால்வுக்குப் பாராட்டுப் பத்திரம் எழுதிவிடுவோம்.

வெஸ்பா இதையே இன்னும் சிக்கனமாகச் செய்தது. தனித் தட்டு எதுவும் இல்லை, கிராங்கின் ஒரு பக்கச் சக்கரத்தையே வெட்டி வால்வாக்கினார்கள். பஜாஜ் சேத்தக் அந்த வம்சம்தான். கிராங்குக்கும் கேஸில் உள்ள அடைப்புப் பரப்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான் சீல். அதில் ஒரு துகள் மண் புகுந்து கோடு கிழித்துவிட்டால் வால்வு போயிற்று, அதோடு கேஸும் போயிற்று. ஸ்கூட்டர் மெக்கானிக் கேஸைப் பிரித்ததும் முதலில் அந்தப் பரப்பை விரல் நகத்தால் தடவிப் பார்ப்பது அதனால்தான். செலவில்லாத வால்வு, ஆனால் தேய்ந்தால் மாற்ற முடியாத வால்வு. மதிப்பீட்டுத் தாளில் "பழுது பார்க்க முடியுமா" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

சரி, உங்கள் முதல் யோசனைக்கு வருவோம். ரீட் வால்வு என்பது மெல்லிய இதழ். கிராங்க் கேஸில் அழுத்தம் குறைந்தால் திறக்கும், ஏறினால் மூடும். அதற்கு டைமிங் என்று ஒன்று வைக்கவே தேவையில்லை. எஞ்சினின் வேகத்துக்கு ஏற்ப அதுவே நேரத்தை மாற்றிக்கொள்ளும். யமஹா 1972 வாக்கில் இதைச் சாலை வண்டிகளில் பரவலாகக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1983-ல் வந்த ராஜ்தூத் 350-இலும் 1985-ல் வந்த ஆர்எக்ஸ் 100-இலும் இருப்பது இந்த ரீட்தான். 98 சிசியில் 7500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன் கொடுத்த வண்டி, சந்தில் மெதுவாகப் போகும்போதும் திணறாமல் இழுத்தது. இன்றும் அதைக் கைவிட மனம் வராதவர்கள் எத்தனையோ பேர். அந்த இழுவையில் ரீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் இதழும் ஒரு ஸ்பிரிங்தான், அதற்கென்று ஓர் அதிர்வெண் இருக்கிறது. இதை நீங்களே கணக்குப் போடலாம். ஒரு முனை இறுகப் பிடித்த தகடு என்று வைத்துக்கொண்டால், அதிர்வெண் தடிமனுக்கு நேர்விகிதம், நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம். 0.2 மிமீ தடிமன், 30 மிமீ நீளம் உள்ள எஃகு இதழுக்குச் சுமார் 180 ஹெர்ட்ஸ் வரும். 7500 ஆர்பிஎம் என்பது நொடிக்கு 125 சுற்று. இங்கே இதழ் எஞ்சினுக்கு முன்னால் ஓடுகிறது, பிரச்சினை இல்லை. 11,000 ஆர்பிஎம் போனால் 183 சுற்று. இதழும் எஞ்சினும் ஒரே தாளத்துக்கு வந்துவிட்டன. அதைத் தாண்டினால் எஞ்சின் கேட்கும் நேரத்தில் இதழ் மூடாது, படபடக்கும், விளிம்பு பிளக்கும். 0.4 மிமீ கண்ணாடி இழைத் தகடு போட்டால் அதே நீளத்தில் சுமார் 240 ஹெர்ட்ஸ் கிடைக்கும். எடை குறைவு என்பதால் தடிமனைக் கூட்ட முடிகிறது. இன்னொரு வித்தியாசமும் உண்டு. எஃகு இதழ் உடைந்தால் துண்டு டிரான்ஸ்ஃபர் போர்ட் வழியாக மேலே ஏறி சிலிண்டரைக் கிழிக்கும். இழைத் தகடு உடைந்தால் பெரும்பாலும் பெரிய சேதமில்லாமல் வெளியே போய்விடும். நான் வேலை கற்றுக்கொண்ட பட்டறையில், உடைந்த எஃகு இதழ் ஒன்று புது பிஸ்டனை ஒரே நாளில் வீணாக்கியதைப் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து ரீட் பெட்டியைக் கழற்றினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, இதழ் ஒட்டி உட்கார்கிறதா, ஓரத்தில் வெள்ளைக் கீறல் இருக்கிறதா என்று பார்க்காமல் திரும்பப் போட்டதில்லை.

ரீட்டின் இன்னொரு குறை தடை. காற்று ஒவ்வொரு முறையும் இதழை வளைத்துத்தான் உள்ளே போக வேண்டும். குறுகிய வேக எல்லைக்குள் உச்சத் திறன் மட்டுமே போதும் என்றால் தட்டு வால்வு அதை வெல்லலாம். சாலைக்கும் விவசாய இயந்திரத்துக்கும் ரீட் போதும், நிறையவே போதும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய முக்கியமான இடம் இனிமேல்தான் வருகிறது. தட்டோ ரீட்டோ, முதல் வாசலில் என்ன செய்தாலும் டூ ஸ்ட்ரோக்கின் பெரிய நோய் தீராது. அந்த நோய் இருப்பது மூன்றாவது வாசலில். பிஸ்டன் இறங்கும்போது எக்ஸாஸ்ட் முதலில் திறக்கிறது, பிறகு டிரான்ஸ்ஃபர். ஏறும்போது டிரான்ஸ்ஃபர் முதலில் மூடுகிறது, எக்ஸாஸ்ட் கடைசியில்தான் மூடுகிறது. புதுக் கலவை உள்ளே வரும் நேரம் முழுவதும் வெளியேறும் கதவு திறந்தே கிடக்கிறது. கார்புரேட்டர் வைத்த சாதாரண டூ ஸ்ட்ரோக்கில், முழு ஆக்சிலரேட்டரில், புதுக் கலவையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை எரியாமலே சைலன்சருக்குப் போவது சாதாரணம்.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காகத்தான். உங்கள் 150 சிசி எஞ்சின் ஒரு சுற்றில் 105 சிசி புதுக் கலவையை மேலே தள்ளுகிறது; அதில் 70 சிசி தங்குகிறது, 35 சிசி நழுவுகிறது. ரீட் போட்டதும் தள்ளுவது 120 சிசி ஆகிறது என்று வையுங்கள். தங்குவது 78, நழுவுவது 42. திறன் 11 சதவீதம் கூடியது, டைனோவில் (எஞ்சின் திறனை அளக்கும் கருவியில்) பார்த்துக் கைதட்டுவோம். ஆனால் வீணானது 20 சதவீதம் கூடியிருக்கிறது. பெட்ரோல் செலவும் புகையும் மோசமாகிவிட்டன. ஆகவே ஒரே ஒரு எண்ணை வைத்துத்தான் வால்வை எடை போட வேண்டும் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், உள்ளே போனதில் எவ்வளவு தங்கியது என்ற விகிதத்தைத்தான் கேட்பேன். குதிரைத்திறன் எனக்கு அதற்கு அடுத்தபடிதான்.

இதை அளக்க லட்சக்கணக்கில் கருவி வேண்டாம். கலவையைக் கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாக வைத்து ஓட்டுங்கள். அப்போது சிலிண்டருக்குள் தங்கிய ஆக்சிஜன் ஏறக்குறைய முழுவதும் எரிந்துவிடும். சைலன்சரில் மிஞ்சித் தெரியும் ஆக்சிஜன், எரியாமல் நழுவிய காற்றிலிருந்து வந்தது. காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன். புகையில் 7 சதவீதம் காட்டினால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நழுவுகிறது என்று பொருள். வாகனப் புகைப் பரிசோதனைக்கு வைத்திருக்கும் கேஸ் அனலைசரில் ஆக்சிஜன் அளவும் தெரிந்தால் அதுவே போதும். ஒரு எச்சரிக்கை: ஐடிலிலும் குறைந்த சுமையிலும் இந்தக் கணக்கு பொய் சொல்லும். அங்கே டூ ஸ்ட்ரோக் ஒரு சுற்று எரியும், ஒரு சுற்று விடும். எரியாத சுற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து, நஷ்டத்தை உண்மையைவிடப் பெரிதாகக் காட்டும். பாதிச் சுமைக்கு மேல், எஞ்சின் சீராக ஓடும்போது எடுங்கள். சைலன்சரில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து கெடுக்கும். ஜாயிண்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

மூன்றாவது வாசலுக்கு ஏற்கனவே ஒரு வால்வு இருக்கிறது, அதைக் கண்ணால் பார்க்க முடியாது. சைலன்சர் குழாய்தான் அது. காடன் செதுக்கிய வகையில், குழாயின் விரியும் பகுதி உறிஞ்சும் அலையை அனுப்பிப் பழைய புகையை இழுக்கிறது. பின்னால் குறுகும் பகுதி அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, நழுவிய கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. ஆனால் அலை குறிப்பிட்ட ஒரு வேகத்தில்தான் சரியான நேரத்துக்கு வந்து சேரும். மற்ற வேகங்களில் தாமதமாகவோ முன்கூட்டியோ வந்து கெடுக்கும்.

அந்தக் குறையைச் சரிசெய்ய வந்ததுதான் யமஹாவின் பவர் வால்வு. 1977 வாக்கில் பந்தய வண்டிகளிலும் 1983-ல் சாலை வண்டியிலும் வந்தது. எக்ஸாஸ்ட் போர்ட்டின் கூரையில் ஓர் உருளை. குறைந்த வேகத்தில் அது இறங்கி போர்ட்டின் உயரத்தைக் குறைக்கும், அதிக வேகத்தில் ஏறிக்கொள்ளும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த உருளை எதையும் சீல் செய்யவில்லை. எரியும் அழுத்தத்தைத் தாங்குவது பிஸ்டன் ரிங்தான், உருளை கூரையைத் தாழ்த்தி உயர்த்துவதோடு சரி. ஒவ்வொரு சுற்றுக்கும் அது சுழல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தச் சூட்டிலும் கரியிலும் அது உயிரோடு இருக்கிறது. ஹோண்டா இதே இடத்தில் ஒரு வால்வை வைத்து, குறைந்த சுமையில் கலவை தானே சீராகப் பற்றிக்கொள்ளும்படி செய்தது. அந்த 400 சிசி இஎக்ஸ்பி-2 வண்டி 1995 கிரனடா-டாக்கர் பந்தயத்தில் ஒட்டுமொத்தத்தில் ஐந்தாவதாக வந்தது. லோட்டஸ் 2009-ல் காட்டிய ஆம்னிவோர் எஞ்சினிலும், புதுக் காற்றைச் சிறைப்பிடிக்க எக்ஸாஸ்ட் வாசலில் ஒரு வால்வு இருந்தது.

இப்போது உங்கள் உருளை வால்வு. யோசனை நல்லதுதான், மூன்றில் எனக்குப் பிடித்ததும் இதுதான். எக்ஸாஸ்ட்டை டிரான்ஸ்ஃபருக்கு முன்னாலேயே அடைத்துவிட்டால் நழுவல் குறையும். ஆனால் இரண்டு விஷயங்களைக் கணக்கில் எடுங்கள். ஒன்று, போர்ட்டுக்கும் உருளைக்கும் நடுவே இருக்கும் குழாயின் கொள்ளளவு. 150 சிசி எஞ்சினில் அந்த இடைவெளி 30 சிசி இருந்தால், உருளை அடைத்த பிறகும் அந்த 30 சிசி இடத்துக்குள் புதுக் கலவை போய் உட்காரும். அடுத்த சுற்றில் போர்ட் திறந்ததும் அது புகையோடு சேர்ந்து வெளியே போகும். முன்பு நான் சொன்ன உதாரணத்தில் மொத்த நஷ்டமே 35 சிசிதான். ஆகவே உருளையைப் போர்ட்டின் வாயில் ஒட்டி வைக்காவிட்டால் உழைத்தது வீண்.

இன்னொன்று வெப்ப விரிவு. 40 மிமீ விட்டமுள்ள எஃகு உருளை 300 டிகிரி சூடேறினால் விட்டம் 0.14 மிமீ கூடும். அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கூடு 150 டிகிரி சூடேறினால் துளையும் ஏறக்குறைய அவ்வளவே விரியும். நிலையான ஓட்டத்தில் இரண்டும் சமன். ஆனால் எஞ்சினைக் கிளப்பிய முதல் நிமிடங்களில் புகை நேராக உருளையைத்தான் தாக்குகிறது, கூடு இன்னும் குளிர்ந்தே இருக்கிறது. கூடு 50 டிகிரிதான் ஏறியிருக்கும்போது அதன் துளை 0.05 மிமீகூட விரிந்திருக்காது. ஆக 0.1 மிமீ இடைவெளியாவது முதலிலேயே விட வேண்டும், இல்லாவிட்டால் உருளை பிடித்துக்கொள்ளும். அவ்வளவு விட்டால் கசியும். நல்ல வேளையாக இங்கே கொஞ்சம் கசிந்தால் பரவாயில்லை, எரியும் அழுத்தத்தைத் தாங்க வேண்டியது இந்த உருளை இல்லையே. அப்புறம் பெட்ரோலோடு கலக்கும் டூடி எண்ணெயின் கரி வேறு அந்த இடைவெளியை நிரப்பப் பார்க்கும். சுல்சர் நிறுவனம் தன்னுடைய ஆர்டி வரிசைக் கப்பல் எஞ்சின்களில் எக்ஸாஸ்ட் வழியில் சுழல் வால்வுகள் வைத்திருந்தது, பின்னால் வந்த ஆர்என்டி வரிசையில் அவற்றை எடுத்துவிட்டது. கப்பலில் பொறியாளர்கள் இரவும் பகலும் பக்கத்திலேயே இருந்து பராமரித்த எஞ்சின்கள் அவை. அங்கேயே அது வேண்டாத பாகம் என்று ஆனது என்பதை மனதில் வையுங்கள்.

மூன்றாவது யோசனை பாப்பெட் வால்வு. பெரிய எஞ்சின்களின் உலகில் இது வென்றுவிட்டது. சிலிண்டரின் அடியில் காற்று நுழைகிறது, ஹெட்டில் உள்ள வால்வு வழியாகப் புகை போகிறது. ஓட்டம் ஒரே திசையில், கீழிருந்து மேல். புதுக் காற்று பழைய புகையை முன்னால் தள்ளிக்கொண்டே போகிறது, குறுக்கே நழுவ வழி குறைவு. ஜெனரல் மோட்டார்ஸின் டெட்ராய்ட் 71 வரிசையும் ஈஎம்டியின் 567 ரயில் எஞ்சினும் 1938 முதல் இந்த வழிதான். நம் ரயில்வேயின் டபிள்யூடிஜி-4 சரக்கு எஞ்சினில் இருப்பது அந்த வம்சத்தின் 16 சிலிண்டர் 710, சிலிண்டருக்கு நான்கு எக்ஸாஸ்ட் வால்வுகள், 4000 குதிரைத்திறன். கேட்டில் நிற்கும்போது கடந்து போகும் சரக்கு வண்டியை இழுப்பது ஒரு டூ ஸ்ட்ரோக் என்று பலருக்குத் தெரியாது. கடலில் எம்மா மேர்ஸ்க் கப்பலை 2006-லிருந்து ஓட்டும் 14 சிலிண்டர் வார்ட்சிலாவும் இதே ஏற்பாடுதான். 960 மிமீ போர் (சிலிண்டரின் விட்டம்), 2500 மிமீ ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), சிலிண்டருக்கு ஒரே ஒரு பெரிய எக்ஸாஸ்ட் வால்வு. ஸ்ட்ரோக் நீள நீள, காற்று அடியில் நுழைந்து மேலே போய் மறுபடி அடியிலேயே வெளியேறும் பழைய வளைவு ஓட்டம் மேல்மூலை வரை எட்டிச் சுத்தம் செய்ய முடியவில்லை. வளைவு ஓட்டத்தை நீண்ட காலம் விடாமல் பிடித்திருந்த சுல்சரும் எம்ஏஎன்னும் 1980களில் இந்தப் பக்கம் வந்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

அங்கே வென்றது உங்கள் 150 சிசியில் ஏன் தடுமாறும்? நேரம்தான் காரணம். அந்தக் கப்பல் எஞ்சின் நிமிடத்துக்கு 102 சுற்று. ஒரு சுற்றுக்கு அரை நொடிக்கு மேல் இருக்கிறது. ரயில் எஞ்சின் 900 சுற்று, ஒரு சுற்றுக்கு 67 மில்லி செகண்ட். உங்கள் எஞ்சின் 6000 போனால் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட்தான். ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒரு வால்வு சுமார் 250 டிகிரி திறந்திருக்கும்; டூ ஸ்ட்ரோக்கில் அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய 125 டிகிரி. அதே உயரம், பாதி நேரம். முடுக்கம் நேரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம், ஆகவே நான்கு மடங்கு முடுக்கம், நான்கு மடங்கு ஸ்பிரிங் விசை.

சோலினாய்டுக்கு இது என்ன ஆகிறது என்று பாருங்கள். 6000 ஆர்பிஎம்மில் 125 டிகிரி என்பது 3.5 மில்லி செகண்ட். அதற்குள் 6 மிமீ திறந்து மூட வேண்டும். நகரும் எடை மொத்தம் 50 கிராம் என்று வைத்தால், தேவையான முடுக்கம் புவியீர்ப்பைப் போல் 800 மடங்கு, விசை சுமார் 390 நியூட்டன். 26 மிமீ வால்வின் முகத்தில், திறக்கும் நேரத்தில் சிலிண்டரில் மிச்சமிருக்கும் 4 பார் அழுத்தம் இன்னும் 210 நியூட்டன் சேர்க்கும். 600 நியூட்டனை ஒரு மில்லி செகண்டுக்குள் எழுப்பி, ஒரு மில்லி செகண்டுக்குள் இறக்கி, நொடிக்கு 100 முறை செய்யும் சோலினாய்டு உங்கள் பட்ஜெட்டில் கிடைக்காது. அதே வால்வை 1500 ஆர்பிஎம்மில் ஓட்டினால் முடுக்க விசை பதினாறில் ஒரு பங்கு, 25 நியூட்டன்கூட இல்லை. ஆகவே இதைச் செய்தே தீருவோம் என்றால் 1500-ஐத் தாண்டாத ஆராய்ச்சி எஞ்சினாகச் செய்யுங்கள். சாலை வண்டி கனவு வேண்டாம். இன்னொன்று, இரண்டு வகை வால்வையும் ஹெட்டிலேயே வைத்தால் உள்ளே வருவதும் வெளியே போவதும் பக்கத்துப் பக்கத்துக் கதவாகி, நழுவல் மறுபடி ஆரம்பிக்கும். டொயோட்டா 1989-ல் காட்டிய எஸ்-2 டூ ஸ்ட்ரோக் அந்த ஏற்பாடுதான், விற்பனைக்கு வரவில்லை. காற்றைத் தள்ள புளோயர் வேண்டும், அது தின்னும் திறனையும் கழித்துக் காட்ட வேண்டும். புளோயரை வெளி மோட்டாரில் ஓட்டிவிட்டு அந்தச் செலவைச் சேர்க்காமல் வரைந்த திறன் வரைபடங்களை மாணவர் அறிக்கைகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஸ்லீவ் வால்வையும் எதிரெதிர் பிஸ்டனையும் நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வார்த்தை. ரோல்ஸ் ராய்ஸ் கிரெசி என்ற 26 லிட்டர் விமான எஞ்சின் ஸ்லீவ் வால்வு டூ ஸ்ட்ரோக்; பிஸ்டனைச் சுற்றி நகரும் துளையிட்ட குழல்தான் அதில் வால்வு. 1941-ல் ஓடத் தொடங்கி 1945 இறுதியில் ஜெட் எஞ்சின்களின் வரவால் நின்றது. யுங்கர்ஸ் யூமோ 205 இன்னும் நுட்பமானது. ஒரே சிலிண்டரில் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். எக்ஸாஸ்ட் பக்கப் பிஸ்டனைச் சில டிகிரி முன்னால் ஓடவிட்டால், வால்வே இல்லாமல் எக்ஸாஸ்ட் முன்கூட்டி மூடிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தீர்வு அது. ஆனால் கையில் இருக்கும் எஞ்சினில் செய்யக்கூடியது இல்லை.

நியாயமாக ஒப்பிட ஒரு நிபந்தனை உண்டு. வால்வை மாற்றிவிட்டு பழைய சைலன்சரையே வைத்து ஓட்டிப் பார்ப்பது புது வால்வுக்குச் செய்யும் அநியாயம். வால்வு நேரம் மாறினால் குழாயின் நீளமும், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டின் அளவும் மாற வேண்டும். ஒவ்வொரு அமைப்புக்கும் மூன்று குழாய் நீளம், நான்கு ஜெட் என்று ஓட்டி, அதில் சிறந்ததை எடுத்து ஒப்பிடுங்கள். வேலை கூடும், ஆனால் அப்போதுதான் முடிவை நம்பலாம். டிகிரி வீலை (கோணங்கள் குறித்த வட்டத் தட்டை) கிராங்கில் மாட்டி ஒவ்வொரு போர்ட்டும் திறந்து மூடும் கோணத்தையும், அந்தந்தக் கோணத்தில் திறந்திருக்கும் பரப்பையும் எழுதிவையுங்கள். பரப்பையும் நேரத்தையும் பெருக்கிக் கூட்டினால் வரும் எண்தான் இரண்டு வெவ்வேறு வால்வுகளை ஒரே அளவுகோலில் காட்டும்.

கடைசியாக, உங்கள் பட்டியலில் இல்லாத ஒன்றைக் கட்டாயம் சேர்க்கச் சொல்வேன். நழுவுவது வெறும் காற்றாக இருந்தால் நமக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அதில் பெட்ரோல் கலந்திருப்பதுதான் நஷ்டம். டீசல் டூ ஸ்ட்ரோக்குகள் பிழைத்துக்கொண்டதற்கு அது முக்கியக் காரணம், அங்கே வாசல்கள் மூடிய பிறகுதான் எரிபொருள் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனம் பெட்ரோலையும் அப்படி நேராக சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையைக் கொண்டுவந்தது, பஜாஜ் அதை டூ ஸ்ட்ரோக் ஆட்டோ ரிக்‌ஷாவில் போட்டு விற்றது. எக்ஸாஸ்ட்டில் உருளை வைக்கலாமா என்று முடிவெடுப்பதற்கு முன், அதே பணத்தில் ஓர் இன்ஜெக்டர் அந்த வேலையைச் செய்துவிடுமா என்று பாருங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எஞ்சினை எதுவும் மாற்றாமல், இருக்கிறபடியே டைனோவில் ஏற்றி, 3000, 4000, 5000 ஆர்பிஎம்மில் பாதிச் சுமையிலும் முழுச் சுமையிலும் புகையில் உள்ள ஆக்சிஜனை எடுங்கள். ஆறு எண்கள் வரும். அவற்றைச் சொல்லுங்கள், உருளையா ரீட்டா என்று அங்கிருந்து பேசலாம்.